மீண்டும் பறக்கும் ராக்கெட் கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, மண்டபம், இராமேசுவரம், கீழக்கரைப் பகுதிகளில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருப்பது நல்லது: ராக்கெட்டை ஏன் ஒரே தடவையோடு கடலில் விட வேண்டும், திரும்ப இறக்கிப் பயன்படுத்தினால் என்ன? இதற்கு ஆம், இல்லை என்று விடை சொல்லிவிடாமல், மாணவர்களையே கணக்குப் போட வையுங்கள். ராக்கெட்டைத் திரும்ப இறக்க முடியும் என்பது 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட் தரையிறங்கியபோதே உறுதியாகிவிட்டது. அது கட்டுப்படியாகுமா என்பதை, ஆண்டுக்கு எத்தனை தடவை ஏவுகிறோம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஒரே தடவை பறக்கும் ராக்கெட்டின் மொத்தச் செலவு 100 பங்கு, அது சுமக்கும் எடையும் 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு பங்கு எடைக்கு ஒரு பங்கு செலவு, ஆகவே செலவு சுமந்த எடையைவிடக் குறைந்தால்தான் மிச்சம். முதலில் எரிந்து ராக்கெட்டைத் தூக்கிவிட்டுப் பிரியும் அடிப்பகுதியான முதல் அடுக்குக்கு 60, மீதிக்கு 40 என்று பிரியுங்கள். திரும்ப இறக்கப்போவது இந்த முதல் அடுக்கை மட்டுமே. பால்கன் 9-இல் முதல் அடுக்கின் பங்கு ஏறத்தாழ இவ்வளவு என்று ஸ்பேஸ்எக்ஸின் எலான் மஸ்க் கூறியிருக்கிறார். தரையிறங்க எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டியிருப்பதால் சுமக்கும் எடை 65 ஆகக் குறைகிறது எனவும், ஒவ்வொரு தடவையும் செப்பனிட 6 பங்கு ஆகிறது எனவும் கொள்ளுங்கள். ஒரே அடுக்கை மூன்று தடவை பறக்கவிட்டால், பறப்பு ஒன்றுக்கு 20, 40, 6 சேர்ந்து 66 ஆகிறது, சுமந்ததோ 65. நான்காவது பறப்பிலிருந்துதான் மிச்சம் தொடங்குகிறது. பத்துத் தடவை பறந்தால் செலவு 52, மிச்சம் 13.

இங்கே நிறுத்திவிடாதீர்கள், செப்பனிடும் செலவை 6-க்குப் பதிலாக 20 என்று மாற்றச் சொல்லுங்கள். பத்துத் தடவை பறந்தும் மறுபடி 66 வந்து நிற்கும். அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு நேர்ந்தது ஏறத்தாழ இதுவே. வாரம் ஒரு பறப்பு என்ற எதிர்பார்ப்போடு திட்டமிடப்பட்ட அது, 1981 முதல் 2011 வரை 135 தடவையே பறந்தது. மிக அதிகமாகப் பறந்த 1985-இலேயே ஒன்பது பறப்புகள்தான். ஒவ்வொரு தடவையும் 24,000-க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து, திரும்ப இறக்கும் நுட்பத்தை முதன்முதலில் உருவாக்க ஆகும் செலவைச் சேருங்கள். அது 1,000 பங்கு என்றால், பறப்புக்கு 13 வீதம் அதை மீட்க 77 ஏவுதல்கள் தேவை. ஆண்டுக்கு 40 ஏவினால் இரண்டே ஆண்டில் முடிந்துவிடும். ஆறுதான் ஏவினால் ஆண்டு மிச்சம் 78. முதலுக்கு 8 விழுக்காடு வட்டியோ 80. அசல் ஒருபோதும் அடையாது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகைக் கரையில் ஏற்றி வைத்துக்கொண்டு கடனுக்கு வட்டி கட்டும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலையையும் மறக்கக் கூடாது. ஓர் அடுக்கு பத்துத் தடவை பறக்குமானால், ஆண்டுக்கு ஆறு ஏவுதலுக்கு இருபது மாதத்துக்கு ஓர் அடுக்கு செய்தால் போதும். ஆனால் கைதேர்ந்த தொழிலாளர்களுக்கு எல்லா மாதமும் சம்பளம் தர வேண்டும் என்பதால், அந்த 60 பங்கே ஏறிவிடுகிறது. ஸ்பேஸ்எக்ஸ் இதற்குக் கண்ட வழி, ஸ்டார்லிங்க் என்ற தன் சொந்த இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள் மூலம் தனக்குத் தானே சரக்கை உண்டாக்கிக்கொண்டதாகும். 2024-இல் பால்கன் 9 130 தடவைக்கு மேல் பறந்தது, அவற்றில் பாதிக்கு மேல் ஸ்டார்லிங்குக்காகவே. என் பார்வையில், தரையிறக்கும் நுட்பத்தைவிட மற்றவர்களால் பின்பற்ற அரிதானது இதுதான்.

குலசேகரப்பட்டினத்திலிருந்து ஏவத் திட்டமிட்டிருக்கும், சிறு செயற்கைக்கோள்களுக்கான இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அதன் மூன்று முதன்மை அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்குபவை. பற்றவைத்தபின் அணைத்து மீண்டும் மூட்டித் தரையிறக்க இயலாது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற, இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ஏவுகலத்தின் முதல் அடுக்கு மறுபயன்பாட்டுக்கு உரியது. அதற்கு ஒதுக்கிய 8,240 கோடி ரூபாயை உருவாக்கச் செலவாக வைத்துப் போடலாம். ஆனால் மூன்று சோதனைப் பறப்புகளும் அடிப்படை வசதிகளும் அத்தொகைக்குள்ளேயே அடங்குவதால், முழுவதையும் மறுபயன்பாட்டின் தலையில் ஏற்றாமல், அதில் கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.