மின்கம்பத்தில் 40 அங்குலம்: புதியவர்கள் தவறவிடும் இடங்கள்

அமெரிக்க மின்கம்பங்களில் ஃபைபர் கேபிள் கட்டுவதற்கான மேக்-ரெடி வரைவுகளை, அதாவது புதிய கேபிளுக்குக் கம்பத்தில் இடம் ஒதுக்கும் திட்டங்களை, கோயம்புத்தூரில் அமர்ந்து தயாரிக்கும் வேலையில் எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த நால்வரின் வரைவுகளைத் திருத்தும்போது, முதல் ஆண்டில் நான் செய்த தவறுகளே வரிசை மாறாமல் வந்து நின்றன. 22 அடி 10 அங்குலத்தை 22.10 என்று உள்ளிடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு முறை திட்டு வாங்கினால் அவை தாமாகவே நின்றுவிடும்.

40 அங்குலத்தை எதிலிருந்து அளப்பது

என்.இ.எஸ்.சி. எனப்படும் தேசிய மின் பாதுகாப்பு விதிநூல், மின்கம்பிகளுக்கும் அவற்றின் கீழே செல்லும் தகவல்தொடர்புக் கேபிள்களுக்கும் இடையே கம்பத்தில் பொதுவாக 40 அங்குலம் விடச் சொல்கிறது. லைன்மேன் பயிற்சி இல்லாத கேபிள் பணியாளர் வேலைக்கிடையே கையை உயர்த்தினாலும் மின்சாரம் அவருக்கு எட்டக் கூடாது என்பதற்காகவே அந்த இடம் காலியாக விடப்படுகிறது. ஆகவே களத்திலிருந்து வரும் கம்பப் புகைப்படத்தில் பளிச்சென்று தெரியும் கம்பியிலிருந்து அளந்து பயனில்லை. வீட்டு இணைப்புக்காக வளைந்து தொங்கும் செகண்டரி எனும் குறைந்த மின்னழுத்தக் கம்பியோ வேறு எதுவோ, மின்சாரப் பகுதியில் மிகத் தாழ்ந்திருப்பதிலிருந்து அளக்க வேண்டும். நியூட்ரலுக்கு 30 அங்குலம் போதும் என்ற சலுகை, நம் கேபிளைத் தாங்கும் கம்பியான ஸ்ட்ராண்ட் அதனுடன் பிணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

குளிர்காலப் புகைப்படத்தை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் இதற்கு நானே பணம் இழந்திருக்கிறேன். கம்பத்தில் 40 அங்குலம் விட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. இரு கம்பங்களுக்கு இடையில், தொய்வு மிகுந்த இடத்திலும், அதில் முக்கால் பங்கான 30 அங்குலம் எஞ்ச வேண்டும். அந்த 30 அங்குலம் புகைப்படம் எடுத்த நாளில் இருந்தால் போதாது. மேலே செல்லும் மின்கம்பி 120 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ, அதைவிட அதிகமானால் மின்வாரியம் அந்தக் கம்பிக்கு அனுமதித்துள்ள உச்ச வெப்பநிலையிலோ, பனிக்கட்டி படிந்த நிலையிலோ, எதில் அதிகம் தொய்யுமோ அந்த நிலையிலும் 30 அங்குலம் இருக்க வேண்டும்.

ஒஹாயோவின் ஒரு சிற்றூருக்கான வரைவு அது. களப்பணியாளர்கள் ஜனவரிக் காலையொன்றில், 28 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். 200 அடி நீளமுள்ள ஒரு ஸ்பானில், அதாவது இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட பகுதியில், திறந்த செகண்டரி கம்பியின் தொய்வு 16 அங்குலம். அதே குளிரில் நம் ஃபைபர் 12 அங்குலம் தொய்யும் என்று கணக்கிட்டேன். கம்பத்தில் 40 விட்டால் நடுவில் 36 வருகிறது, 30 இருந்தாலே போதுமே என்று, மென்பொருள் காட்டிய பச்சைக் குறியோடு அனுப்பிவிட்டேன்.

வசந்த காலத்தில் கேபிள் கட்டினார்கள். ஜூலையில் கம்ப உரிமையாளரின் ஆய்வாளர் வந்து அளந்து, தம் கணக்கையும் சேர்த்து அனுப்பினார். 120 டிகிரியில் அந்த அலுமினியக் கம்பி 40 அங்குலம் தொய்கிறது. நம் கேபிளைத் தாங்கும் ஸ்ட்ராண்ட் எஃகு. வெப்பத்தில் அலுமினியம் விரிவதில் ஏறக்குறைய பாதிதான் எஃகு விரியும் என்பதால், நம் தொய்வு 20 அங்குலத்தோடு நின்றுவிட்டது. நடுவில் எஞ்சியது 20 அங்குலம். இப்படிப் பதினான்கு ஸ்பான்கள்.

கேபிளைக் கீழே இறக்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். எங்களுக்குக் கீழே ஒரு தொலைபேசிக் கேபிள் இருந்தது. கம்பத்தில் அதற்கும் எங்களுக்கும் 12 அங்குலம் வேண்டும். அதையும் இறக்க வேண்டுமானால் அதன் உரிமையாளருக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதை இறக்கினால் சாலைக்கு மேல் 15 அடி 6 அங்குலம் மிஞ்ச வேண்டும். மூன்று இடங்களில் எந்த வழியும் இல்லாமல் 40 அடிக் கம்பத்தைப் பிடுங்கி 45 அடிக் கம்பம் நட்டார்கள். அந்தச் செலவின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் எங்கள் பில்லிலேயே கழித்துக்கொண்டார்; என் ஊக்கத்தொகையும் அதோடு போயிற்று.

இன்றும் புதியவர்கள், “போட்டோவுல 36 இருக்கே சார்” என்கிறார்கள். அது ஒரு காலை நேரத்தின் 36 மட்டுமே. படம் எடுத்த தேதி, வெப்பநிலை, கம்பியின் வகை, ஸ்பான் நீளம் ஆகிய நான்கும் கைக்கு வராமல் நடுவிடக் கணக்கைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் தொய்வு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். களப்படிவத்தில் வெப்பநிலைக்கென்று ஒரு கட்டத்தை நானே சேர்த்திருக்கிறேன். அது காலியாக வரும் படிவத்தை நான் திறப்பதில்லை.

இழுத்துக் கட்டினால் நல்லது என்று எண்ணுவது

சாலைக்கு மேல் உயரம் கிடைக்கட்டும் என்று ஸ்ட்ராண்டின் இழுவிசையைக் கூட்டுகிறார்கள். தொய்வு குறைந்தால் கேபிளின் நடுப்பகுதி மேலே, மின்கம்பியை நோக்கித்தான் எழும்பும். கீழே கிடைத்த ஒவ்வோர் அங்குலமும் மேலே கழிந்துவிடும்.

தெருவிளக்கு

மழைநீர் வடிவதற்காக விளக்கின் மின்கம்பி வளைந்து தொங்கும் டிரிப் லூப்புக்கும் அதன் கீழே நம் கேபிளுக்கும் இடையே 12 அங்குலம். விளக்கின் தாங்கி புவித்தொடர்பு பெற்றிருந்தால் 4 அங்குலம், இல்லையென்றால் 20. புகைப்படத்தில் புவித்தொடர்பு தெரியவில்லை என்றால் 20 என்றே கொள்க.

இடம் போதாதபோது கம்பத்தின் மறுபக்கத்தில் போல்ட் அடித்துச் சமாளிப்பது

கம்ப உரிமையாளர் எழுத்தில் அனுமதித்தாலன்றி வேண்டாம்.

கலிஃபோர்னியா

அங்கே இந்த விதிநூல் செல்லாது. அம்மாநிலத்தின் மேல்நிலைக் கம்பி விதிகளான பொது ஆணை 95-ஐத் திறந்து, எல்லா எண்களையும் முதலிலிருந்து பாருங்கள்.