ப்ளட் பிளஸ்: ஐம்பது எபிசோடையும் அலுக்காமல் பார்க்க ஒரு வழி

கையில் வாளோடு ஒரு பள்ளிக்கூடப் பெண், எதிரே இரத்தம் குடிக்கும் ராட்சத மிருகங்கள். 'ப்ளட் பிளஸ்' அனிமே தொடரின் படத்தைப் பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். இதை நம்பி உட்காரும் பலர் வியட்நாம் பகுதி வருவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். சண்டை கம்மி, அழுகை ஜாஸ்தி என்பது அவர்கள் புகார். புகார் பொய்யில்லை. ஆனால் இது வேட்டைக் கதை இல்லை, யாரும் யாருக்கும் பெற்ற உறவு இல்லாத ஒரு குடும்பத்தின் கதை. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் ஐம்பது எபிசோடும் ஓடிவிடும்.

நான் இரத்த வங்கியில் டெக்னீஷியன். வேலை முழுக்க இரத்தம் என்பதால் இந்தத் தொடரை நான் பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறு. அக்கா மகள் பத்தாம் வகுப்பு லீவில் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். அவள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் வைத்துத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம் 'சாயா' என்ற பெயரில் மூன்று பெண்களை உருவாக்கியிருக்கிறது. 2000-இல் வந்த 'ப்ளட்: தி லாஸ்ட் வாம்பயர்' ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். 2005-இல் தொடங்கிய 'ப்ளட் பிளஸ்' ஐம்பது எபிசோடு. 2011-இல் வந்த 'ப்ளட்-சி' பன்னிரண்டு எபிசோடு. பெயரும் வாளும்தான் பொது, கதை மூன்றுக்கும் தனித்தனி. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ப்ளட் பிளஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இது ஜப்பானில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வாரம் ஒன்றாக ஒளிபரப்பான தொடர். 2005 அக்டோபர் 8-இல் தொடங்கி 2006 செப்டம்பர் 23-இல் முடிந்தது. ஒரு வருஷம் இழுத்துச் சொல்லவேண்டிய கதையை இரண்டே நாளில் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும். மொத்தம் ஏறக்குறைய இருபது மணி நேரம். நாளுக்கு இரண்டு எபிசோடு என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, நாடு நாடாகப் பிரித்துக்கொள்வது. கதை ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில் தொடங்கி வியட்நாம், ரஷ்யா, பிரான்ஸ், லண்டன், நியூயார்க் என்று நகரும். ஒரு நாடு முடிந்ததும் ஓரிரு நாள் விடுங்கள். ஒகினாவாவை மட்டும் நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். அங்கே சாயாவுக்கு இருந்த வீடு உங்கள் மனதில் பதிந்தால்தான் பிறகு நடப்பதெல்லாம் வலிக்கும்.

முதல் எபிசோட் போடுமுன் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கியதுமே 1972, வியட்நாம் போர். எரியும் கிராமத்தில் சாயா வாளோடு எதிரே வருபவர்களையெல்லாம் வெட்டுகிறாள். மனிதர், மிருகம் என்ற பேதமே இல்லை. இதென்ன என்று யோசிக்குமுன் காட்சி மாறிவிடும். 2005, ஒகினாவா, பள்ளி மைதானம். அதே பெண் உயரம் தாண்டுதல் பழகிக்கொண்டிருப்பாள், நல்ல வெயிலில். ஓராண்டுக்கு முந்தியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. தொடக்கக் காட்சியை யாரும் உங்களுக்கு விளக்கமாட்டார்கள். பொறுத்திருங்கள், அதற்குக் கணக்குத் தீர்க்காமல் தொடர் விடாது.

ஒகினாவா ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதை கைக்கு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தீவு அமெரிக்காவின் நிர்வாகத்தில் இருந்தது. 1972 மே 15-இல்தான் ஜப்பானிடம் திரும்ப வந்தது. அங்குள்ள கதேனா அமெரிக்க விமானத் தளத்திலிருந்தும் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்தன. தளத்தின் வாசலில் வளர்ந்த ஊர் கோசா. 1970 டிசம்பரில் அங்கே அமெரிக்கர்களின் கார்களை மக்கள் கொளுத்திய பெரிய கலவரமே நடந்திருக்கிறது. சாயாவின் வளர்ப்பு அப்பா ஜார்ஜ் மியாகுசுக்கு சின்னதாய்ச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பது இந்த ஊரில்தான். அவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். 1972-இல் வியட்நாமில் நடந்ததும் 2005-இல் கோசாவில் நடப்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். கதையில் அமெரிக்கப் படை தலையைக் காட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒகினாவாவின் குடும்பக் கல்லறை ஒன்றும் கதையில் வரும். அங்கத்திய கல்லறைகள் பெரியவை, முன்னால் முற்றம் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஏப்ரல் வாக்கில் சொந்தபந்தமெல்லாம் அந்த முற்றத்தில் கூடி, முன்னோருக்குப் படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ஆகவே கல்லறை என்றதும் பேய்ப்படம் மாதிரி பயப்படவேண்டாம். அவர்களுக்கு அது வீட்டின் இன்னொரு அறை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். சாயாவுக்கு இரத்த சோகை. அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொள்ளவேண்டும். இந்தக் காட்சிகள் சின்னவை, கவனிக்காமல் விட்டுவிடுவது சுலபம். விடாதீர்கள். எங்களிடம் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு உள்ள பிள்ளைகள் வருவார்கள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. ஊசி குத்தும்போது முகத்தைக்கூடத் திருப்பமாட்டார்கள், அவ்வளவு பழக்கம். பை காலியாகிற வரைக்கும் ஹோம்வொர்க் எழுதும் பிள்ளையும் உண்டு. சாயாவும் அப்படித்தான் கையை நீட்டுகிறாள். அவள் யார், அந்த இரத்தம் எதற்கு என்று கூட இருப்பவர்களில் சிலருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரண்டாம் முறை பார்க்கும்போது ஆஸ்பத்திரிக் காட்சிகளில் சாயாவை விட்டுவிட்டு ஜார்ஜின் முகத்தைப் பாருங்கள். எல்லாம் தெரிந்த ஒரு அப்பா பக்கத்தில் நிற்பது புரியும்.

"சித்தி, இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு சாப்பிடுறா?" என்று என் அக்கா மகள் கேட்டாள். அது சிரிப்புக்காக மட்டும் வைத்ததில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி அது. சாயா தட்டு தட்டாகச் சாப்பிடுவதையும், கதை இறுக இறுக அவள் சாப்பிடும் காட்சிகள் குறைவதையும் கவனித்து வாருங்கள்.

சண்டைக்கு ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். அந்த மிருகங்களுக்கு கைராப்டெரன் என்று பெயர். வெட்டினாலும் சுட்டாலும் காயம் ஆறி எழுந்து வரும். சாயாவின் இரத்தம் உள்ளே போனால் மட்டும் உடம்பு படிகமாக இறுகி உடைந்துபோகும். அதனால்தான் அவள் வெட்டுவதற்கு முன்னால் வாளின் அடிப்பகுதியில் தன் கையைக் கீறிக்கொள்கிறாள். வாளில் ஒரு பள்ளக்கோடு ஓடும். கீறிய இடத்திலிருந்து இரத்தம் அந்தக் கோட்டுக்குள் இறங்கி நுனிவரை ஓடுகிற அந்த இரண்டு நொடியை முன்னே தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் தன் இரத்தத்தைக் கொடுக்கிறாள் என்பது அங்கேதான் இருக்கிறது.

இது எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம் எங்கள் கிராஸ்மேட்ச் சோதனை. நோயாளியின் சீரத்தையும் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடையாளியின் சிவப்பணுக்களையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து சுழற்றுவோம். அடியில் சிவப்பாக ஒரு பொட்டு படியும். குழாயை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் தட்டவேண்டும். பொட்டு புகைபோலக் கலைந்தால் சேரும், ஏற்றலாம். கலையாமல் கட்டி கட்டியாகவே நின்றால் சேராது. அந்தப் பையை அந்த ஆளுக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இரண்டும் நல்ல இரத்தம்தான், ஒன்றுக்கொன்றுதான் ஆகாது. ப்ளட் பிளஸ்ஸின் முழுக் கதையும் இந்தக் குழாய்க்குள் அடங்கும். யாருடைய இரத்தம் யாருக்கு ஆகாது, ஏன் ஆகாது என்பதைப் பாதிக் கதைக்கு மேல் அவர்களே சொல்வார்கள், நான் உடைக்கப்போவதில்லை. மற்றபடி மருத்துவம் என்ற பெயரில் தொடர் அடித்துவிடுவதெல்லாம் நிறைய. அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் நிறைய, அதில் பாதி பிரெஞ்சு வாடை. நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் சாயா, வளர்ப்பு அண்ணன் 'கை' (Kai), தம்பி ரிக்கு, அவளைக் காக்கும் ஹாஜி, கைராப்டெரன்களை எதிர்க்கும் ரெட் ஷீல்ட் அமைப்பின் டேவிட், டாக்டர் ஜூலியா என்று எழுதுங்கள். மறுபக்கம் எதிரியான டீவா, அவளைச் சுற்றியுள்ள செவாலியேக்கள் என்ற காவலர்கள், அவர்கள் நடத்தும் மருந்துக் கம்பெனி. பிரான்ஸில் முக்காடு போட்ட, வெயில் பட்டால் எரிந்துபோகும் ஷிஃப் என்ற கூட்டம் வரும். அவர்களுக்குக் கோட்டின் மேலேயே இடம் விடுங்கள். எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெரியாது. என் காகிதத்தில் தொடர் முடிவதற்குள் கோட்டைத் தாண்டிப் போன அம்புக்குறிகள் ஏகப்பட்டவை.

குரல் விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்வேன், ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். சாயாவுக்கு எரி கிதாமுரா. பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஒரு குரல், கண் சிவந்து வாளெடுத்தவளுக்கு இன்னொரு குரல். இதைவிட வேடிக்கை தம்பி ரிக்குவுக்கும் டீவாவுக்கும் பேசிய அகிகோ யாஜிமா. ஷின்சான் தெரியாத வீடு உண்டா? ஜப்பானிய மூலத்தில் 1992 முதல் 2018 வரை அந்த வாலுப் பையனின் குரல் இவர்தான். நான் இதைச் சொன்னபோது என் அக்கா மகள் நம்பவில்லை. டீவா சிரிக்கும்போது எனக்கு இப்போதும் முதுகு சில்லிடும், அந்தத் தொண்டையிலிருந்து இதுவும் வருகிறதே என்று. ஒரே ஆளை இரண்டு பாத்திரத்துக்கும் போட்டது சிக்கனத்துக்காக இல்லை என்பது பிற்பாடு விளங்கும்.

பின்னணி இசை மார்க் மான்சினா, 'ஸ்பீட்', 'ட்விஸ்டர்' படங்களுக்கு இசையமைத்தவர். இசைத் தயாரிப்பில் ஹான்ஸ் ஜிம்மர் பெயரும் இருக்கும். ஹெட்போன் போட்டுப் பாருங்கள். முதுகில் பெட்டியைச் சுமந்து திரியும் ஹாஜி அதற்குள் வாளும் வைத்திருப்பான், செல்லோவும் வைத்திருப்பான். அவன் வாசிக்கும்போது காதில் விழுந்தது, பிறகு வேறு இடத்தில் வேறு கருவியில் திரும்ப வரும். தொடக்கப் பாடல் நான்கு, முடிவுப் பாடல் நான்கு. முதல் முடிவுப் பாடலைப் பாடிய சிடோசே ஹாஜிமே ஒகினாவாவுக்கு வடக்கே உள்ள அமாமி ஓஷிமா தீவுக்காரர். அந்தத் தீவுப்பாட்டின் குரல் நடுக்கம் அவர் தொண்டையில் அப்படியே கிடக்கிறது. 'ஸ்கிப்' பட்டனைத் தொடாமல் ஒரு முறையாவது முழுக்கக் கேளுங்கள்.

தொய்வு எங்கே? வியட்நாமில் சாயா ஒரு மகளிர் பள்ளியில் வேஷம் போட்டுச் சேர்கிறாள். 'ஆவோ தாய்' என்ற வியட்நாமிய நீள உடையில் வெள்ளைச் சீருடை, பேய் வதந்தி, நடன விழா என்று வேறு ஏதோ தொடரிலிருந்து பிய்த்து ஒட்டியது போல இருக்கும். சகித்துக்கொள்ளுங்கள், அந்த நடனத்தில் கைகோக்கும் ஆள் முக்கியமானவன். ரஷ்யாவில் வேகம் கூடும். பிரான்ஸில் மறுபடி இழுவை. அங்கே எபிசோடைத் தாவலாமா என்று கை அரிக்கும். தாவாதீர்கள். 'ஜூ' எனப்படும் பழைய மாளிகையின் கதை, 1883-இல் நடந்தது, எப்போது அவிழும் என்று சொல்லமுடியாது. முப்பதைத் தாண்டியதும் கதை ஓராண்டு முன்னே பாயும், சாயாவின் தலைமுடியும் நடையும் மாறியிருக்கும். பிளேயர் கோளாறு இல்லை, அப்படித்தான்.

ஒகினாவா முடிந்து வியட்நாமுக்குப் போகுமுன் இடைவெளி விடுவீர்களே, அந்த நேரத்தில் 2000-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்துவிடலாம். 1966, டோக்கியோ அருகே யோகோட்டா அமெரிக்க விமானத் தளம். அந்தச் சாயா சிரிக்கமாட்டாள், விளக்கம் சொல்லமாட்டாள். ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்தே பேசுவார்கள். தொடர் தரும் குடும்பம் இல்லாவிட்டால் இந்தப் பெண் எப்படி இருந்திருப்பாள் என்பதற்கு அது சாட்சி.

'ப்ளட்-சி' வேண்டுமா என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது. மங்கா எனும் ஜப்பானியப் படக்கதை வரையும் கிளாம்ப் குழு பாத்திரங்களை வரைந்தது, சுடோமு மிசுஷிமா இயக்கியது. பாட்டுப் பாடிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பெண், காபி, இனிப்பு என்று அசைந்து அசைந்து போய், கடைசியில் ஊரையே அரைத்துத் தள்ளும். நான் இரத்தத்தோடு புழங்குகிறவள்தான், எனக்கே அதில் சில நிமிடங்கள் அனாவசியம் என்று பட்டது. அக்கா மகளுக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. பார்த்தால் 2012-இல் வந்த 'தி லாஸ்ட் டார்க்' படத்தையும் சேர்த்துப் பாருங்கள், தொடர் பாதியில் விட்ட கதை அதில்தான் முடிகிறது. 2009-இல் ஆட்கள் நடித்து வந்த படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லையென்றால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.