ஃப்ளஷ் தண்ணி நாறுதா? ஒரு லிட்டர் ஜாடி வெச்சு எஸ்டிபி-ய செக் பண்றது எப்படி

எங்க அபார்ட்மென்ட்ல மூணு மாசமா ஃப்ளஷ் பண்ணாலே அழுகின முட்டை வாடை, எஸ்டிபி (கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ணி ஃப்ளஷுக்கு திருப்பி விடுற பிளான்ட்) ஆபரேட்டர் கிட்ட கேட்டா "கெமிக்கல் போட்டிருக்கேன் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு அதே பதில்தான், கடைசில நானே கீழ எறங்கிப் போய் பாத்து கத்துக்கிட்டத இங்க சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, எஸ்டிபி-ல அழுக்க தின்றது கெமிக்கல் இல்ல, பாக்டீரியா. 1914ல மான்செஸ்டர்ல ஆர்டன், லாக்கெட்னு ரெண்டு பேரு கழிவுத்தண்ணிக்குள்ள காத்த ஊதி, அடியில தங்குற சேத்த கொட்டாம அடுத்த தண்ணிக்கும் அதையே திரும்ப திரும்ப போட்டு பாத்தாங்க, இன்னிக்கி எஸ்பிஆர், எம்பிஆர்னு வேற வேற பேர்ல விக்கிற எஸ்டிபி டைப்பெல்லாம் அதோட பேரப்புள்ளைங்கதான். எம்பிஆர்ல சேறு தங்குறதுக்கு பதிலா மெம்பரேன் வடிகட்டும், அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப ஏரேஷன் டேங்க் (காத்து ஊதுற தொட்டி) பக்கத்துல போய் நில்லுங்க (மேல இருந்து மட்டும், எந்த டேங்குக்குள்ளயும் யாரும் எறங்கக்கூடாது, ஆபரேட்டரையும் எறங்க விடாதீங்க, ஹைட்ரஜன் சல்ஃபைட் ஆள கொன்னுடும்). தண்ணி சாக்லேட் கலர்ல, மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசனையோட இருந்தா நல்லது. கறுப்பா இருந்து நாறுச்சுன்னா காத்து பத்தல.

அடுத்து ஜாடி. பிளோவர் (காத்த ஊதுற மெஷின்) ஓடிட்டு இருக்கும்போதே டேங்க் நடுவுல இருந்து வாளில மொண்டு, ஒரு லிட்டர் அளவு ஜாடில ஊத்தி ஆடாத எடத்துல 30 நிமிஷம் வைங்க. சேறு 300ல இருந்து 600 மில்லிக்குள்ள தங்கி மேல தண்ணி தெளிவா இருந்தா பொதுவா ஓகே. 100, 150 தான் இருக்குன்னா பாக்டீரியா கூட்டமே கம்மி. 800, 900லயே நின்னுடுச்சா, ஆபரேட்டர் உடனே "சேறு ஜாஸ்தி சார், லாரி வெச்சு எடுத்துடலாம்"பாரு, அவசரப்படாதீங்க. அதே டேங்க் தண்ணி பாதி, சுத்திகரிச்ச தண்ணி பாதி கலந்து (அதுல குளோரின் கலக்குறதுக்கு முன்னாடி புடிச்சது) மறுபடியும் 30 நிமிஷம் வைங்க. பாதிக்கும் கீழ நல்லா எறங்குச்சுன்னா நெஜமாவே சேறு ஜாஸ்திதான், கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்கலாம். அப்பவும் எறங்காம பஞ்சு மாதிரி நின்னா நூல் நூலா வளர்ற பாக்டீரியா பெருத்திருக்கு, காத்து கம்மி, எண்ணெய் ஜாஸ்தின்னு காரணத்த தேடணும், லாரி வந்தா மட்டும் தீராது.

எம்பிபிஆர் டைப்பா இருந்தா இந்த டெஸ்ட்ட நம்பாதீங்க, அங்க பாக்டீரியா பிளாஸ்டிக் மீடியா மேல ஒட்டிட்டு இருக்கும், ரெண்டு எடுத்து உள்பக்கம் பழுப்பா மெல்லிசா வழவழப்பு இருக்கான்னு பாத்தா போதும்.

எங்க கேஸ்ல என்னன்னா, கரண்ட் பில் கம்மியாகட்டும்னு ராத்திரி பூரா பிளோவர நிறுத்திட்டு இருந்திருக்காங்க, அதுவும் அசோசியேஷன்ல ஒருத்தர் சொல்லித்தான்! ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிட்ட இருக்கணும், மணிக்கணக்கா நிறுத்துனா நல்ல பாக்டீரியா செத்து, காத்து வேண்டாத நாத்தக் கூட்டம் உள்ள வந்துடும். அது போக பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டுறது, பொரிச்ச எண்ணெய சிங்க்ல ஊத்துறது ரெண்டையும் வாட்ஸப் குரூப்ல சண்டை போட்டாவது நிறுத்துங்க.

சேண்ட் ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு பிரஷர் கேஜ் இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோ (கேஜ்ல kg/cm²) தாண்டுனா பேக்வாஷ் (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டர கழுவுறது) பண்ண சொல்லுங்க. குளோரின் கடைசிலதான், கிருமிக்கு. நாத்தத்த மறைக்க அத ஊத்துறது வேஸ்ட்.

பிளோவர 24 மணி நேரமும் ஓட விட்டும் வாடை போக எங்களுக்கு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, அதனால ரெண்டு நாள்ல ஒண்ணும் மாறலன்னு விட்டுடாதீங்க, ஜாடிய தெனமும் ஒரே நேரத்துல வெச்சு ஃபோட்டோ எடுத்து வைங்க.