மிக்ஸி மோட்டார்: கார்பன் மாற்றியும் தீப்பொறி நிற்காதது ஏன்?

கருகல் வாடை வந்ததும் கார்பன் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) போய்விட்டதென்று ஒரு ஜோடி வாங்கிப் போட்டு மூடிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் பார்க்க வேண்டியது ஜாரை. தினமும் தேங்காய் அரைபடும் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டை, புளியரை வீடுகளில் ஜாரின் அடிப்புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்தால், தேங்காய்ப்பால், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளரைத் தாண்டி மோட்டார் தண்டில் இறங்கி மேல்புஷ்ஷில் பிசினாக இறுகிவிடும். தண்டு இறுகினால் கரண்ட் கூடும், கார்பன் கருகும். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாள் நனைந்தால் ஜார் புஷ்ஷையும் வாஷரையும் மாற்றாமல் மோட்டாரைத் தொடுவது வீண்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிரிக்க வேண்டும். கப்ளரை வழக்கமான மரை என்று நினைத்து முறுக்கி உடைப்பவர்கள் அதிகம். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் திருப்பினால்தான் அது கழலும். கார்பன் வயர்கள் இரண்டையும் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவை இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், கப்ளர் ஓடும்போதே கழன்றுவிடும். தண்டிலுள்ள ஃபைபர் வாஷர்களின் வரிசையும் அந்தப் படத்தில் இருக்கட்டும்.

காசு செலவழிக்குமுன், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, கார்பன் உரசும் காமுடேட்டரின் அடுத்தடுத்த செம்புக் கட்டைகளைத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தாவினால் அங்குள்ள கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது; பக்கத்திலேயே ஒரு கட்டை கரிந்தும் இருக்கும். கட்டைக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பே காட்டக்கூடாது. இதில் தோற்ற ஆர்மேச்சருக்குப் புதுக் கார்பன் போட்டுப் பயனில்லை.

காமுடேட்டரை முரட்டு எமரித்தாளால் தேய்க்காதீர்கள். 600 நம்பர் உப்புத்தாள் போதும். தேய்த்தபின் கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் செம்புத்தூள் நின்றால் ஷார்ட் ஆகும். மெலிதாக்கிய ஹாக்ஸா பிளேடுத் துண்டால் ஒவ்வொரு பள்ளத்தையும் சுரண்டி, தூரிகையால் தட்டிவிடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். வைண்டிங் (செம்புக் கம்பிச் சுற்று) மேலிருக்கும் வார்னிஷ் கரையும்.

புதுக் கார்பன் அதே அளவில், ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். தட்டையான முனையோடு அப்படியே ஓட்டினால் ஓரம் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும். காமுடேட்டர் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியச் சுற்றி, கையால் தண்டைத் திருப்பி முனையை வளைவாக்கிக்கொள்ளுங்கள். தூளை ஊதித் தள்ள மறக்காதீர்கள்.

எண்ணெயில்தான் நம் பக்கத்துப் பழக்கம் கெடுக்கிறது. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். கிரீஸ், எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷின் நுண்துளைகளை அடைக்கும். தையல் மெஷின் எண்ணெய் புஷ்ஷுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். மிஞ்சினால் வழிந்து கார்பன் தூளோடு குழைந்து, அந்தக் கரிப்பசையே கரண்டைக் கடத்தும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் தெளிவாக ஆடுகிறதா? எண்ணெய் உதவாது, புஷ் மாற்ற வேண்டும்.

ஆனி, ஆடிச் சாரலில் பிரித்த மோட்டாரை அன்றே மூடாதீர்கள். ஈரம் ஏறிய வைண்டிங் பாடியில் ஷாக் அடிக்க வைக்கும். அட்டைப்பெட்டியில் 60 வாட் குண்டு பல்பை, அட்டையையும் மோட்டாரையும் தொடாதபடி பொருத்தி, கண்பார்வையில் ஆறேழு மணி நேரம் காய வையுங்கள்.

ஃபிரேம் ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே முறுக்குங்கள். இறுகினால் தளர்த்தித் திரும்ப உட்கார வையுங்கள். முதல் ஓட்டம் ஒன்றாம் வேகத்தில், முப்பது விநாடி, பிறகு ஓய்வு; இப்படி நாலைந்து முறை. கார்பன் அடியில் சின்ன நீலப்பொறி இருந்தால் கவலையில்லை. காமுடேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் உடனே நிறுத்தி ஆர்மேச்சரை மறுபடி அளந்து பாருங்கள்.