கையெழுத்துப் போட முன் இரவு டியூட்டியைப் பற்றிக் கேளுங்கள்

இங்கிலாந்தில் தாதியாக இருக்கும் நான் மூன்று கிழமை லீவில் வன்னியில் உள்ள மல்லாவிக்கு வந்து நிற்கிறேன். முந்தநாள் பின்னேரம் மாங்குளம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் ஒரு தங்கச்சி போனோடு எங்கள் விறாந்தைக்கு வந்தாள். இங்கிலாந்தில் வேலை கிடைத்துவிட்டதாம், அடுத்த நாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினான்கு பக்கம். சம்பளம் எழுதியிருந்த முதல் இரண்டு பக்கத்தை மட்டும் வாசித்திருந்தாள். “நேர்சிங் ஹோம்தானே அக்கா, நல்ல இடம்தானே?” என்று கேட்டாள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

ஓஈடி ஆங்கிலப் பரீட்சை, சிபிடி கணினிப் பரீட்சை, தாதியர் சபைக் கடிதம், விசா எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அரச சேவையில் இருப்பவர்கள் சம்பளமற்ற விடுமுறைக்கு அனுமதி கையில் கிடைக்காமல் விமானம் ஏற வேண்டாம். அங்கே போனதும் ஆஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை, பத்து நிலையங்கள். எங்கள் ஆட்களுக்குக் கைவேலை தெரியும், ஆனால் வாய் திறக்காமல் செய்துவிடுகிறார்கள். கை கழுவும்போதுகூட என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே கழுவுங்கள். அது முடிந்து அங்குள்ள தாதியர் சபையான என்எம்சியின் பதிவு எண், அதாவது ‘பின் நம்பர்’, வந்தால்தான் நீங்கள் அங்கே தாதி. இங்கே லேபர் ரூமில் நின்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மருத்துவிச்சிக்கு அங்கே தனிப் பதிவு. தாதிப் பதிவை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது.

சரி, நேர்சிங் ஹோமுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அந்தப் பெயருக்குத் தனியார் ஆஸ்பத்திரி என்று பொருள். டொக்டர் வருவார், தியேட்டர் இருக்கும். இங்கிலாந்தில் அது வயதானவர்கள் வாழும் இல்லம். உள்ளே டொக்டர் இல்லை. இரவில் பதிவுபெற்ற தாதி ஒரேயொருவர் மட்டும் இருக்கும் இடங்கள் நிறைய.

என் பின் நம்பர் வந்து மூன்றாம் நாள் என்னைத் தனியாக இரவு டியூட்டியில் போட்டார்கள். இரண்டு மாடி, முப்பத்தெட்டுப் பேர், உதவிக்கு இரண்டு பராமரிப்பாளர்கள். மூன்று மணிக்கு ஒரு ஐயாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் இரத்தத்தில் ஒட்சிசன் 84 வீதம்தான். அந்தக் கட்டிடத்தில் ஒட்சிசன் சிலிண்டரே இல்லை. 999-க்கு அடித்துவிட்டு, அவரை நிமிர்த்தி இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மேல் மாடியில் யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். அவர் பிழைத்தார். விடிந்ததும் நான் குளியலறையில் நின்று அழுதேன். மல்லாவி ஆஸ்பத்திரியில் என்றால் ஒருவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார், குவாட்டர்ஸிலிருந்து டொக்டர் ஓடி வருவார், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிகூட எழும்பி விசிறுவார்.

வன்னியில் வேலை பழகியவர்களுக்கு எதையும் சமாளிப்போம் என்ற எண்ணம் உண்டு. எனக்கு வேலை பழக்கிய மூத்த தாதி மிஸ்மார் 2009 போரின்போது புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் நின்றவர்கள். அவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிரும். ஆனால் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நின்றார்கள். அந்தத் துணிவை நம்பி நான் தனியாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

விலகப் போகிறேன் என்றதும் பதினோராம் பக்கத்தைக் காட்டினார்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் செலவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும்: 7,200 பவுண். ரிக்கெற், விசா, பயிற்சி, அதோடு அரசுக்குக் கட்டும் குடிவரவுத் திறன் கட்டணம். அந்தக் கடைசிக் கட்டணத்தை வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. யூனியனில் சேர்ந்திருந்தபடியால் அதைக் கழிக்க வைத்தேன். மிச்சத்தைப் பதினான்கு மாதம் கட்டினேன். இந்த விறாந்தைக்கு ஓடு போட வைத்திருந்த காசு அது. வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வர நினைத்ததும் அந்த வருடம் நடக்கவில்லை.

விலகுவதிலும் அவசரம் கூடாது. விசாவுக்காக வேலை கொடுப்பவர் தரும் அனுசரணைச் சான்று புதிய இடத்திலிருந்து கிடைத்து, புதிய விசா அனுமதி வரும்வரை பழைய இடத்தை விடாதீர்கள். அனுசரணை நின்றால் வேறு இடம் தேடவோ நாட்டைவிட்டுப் போகவோ வழக்கமாக 60 நாள் அவகாசம்தான்.

வயதானவர்களைப் பார்ப்பது சின்ன வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். மறதி நோயாளிக்கு ஒரு கரண்டி கஞ்சி ஊட்டும் பொறுமையை அங்கேதான் படித்தேன். முதல் வருடத்துக்கு மட்டும் அது வேண்டாம். என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் ஆஸ்பத்திரியில் ஒரு மெடிக்கல் வாட் கேளுங்கள். பெரிய நகரமாக இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தால் போதும்.

எங்கே என்றாலும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பின் நம்பர் வந்த பிறகு எத்தனை கிழமை என்னை டியூட்டி ஆள்கணக்கில் சேர்க்காமல் பழக்குவீர்கள்? இரவில் அந்தக் கட்டிடத்தில் என்னோடு எத்தனை தாதியர்? ஒரு வருடத்தில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதாமாதம் அது குறையுமா? பதிலை இழுத்தடித்தால் அந்த இடத்தை விடுங்கள். வேலை எடுத்துத் தந்ததற்குக் காசு கேட்கும் முகவரையும் விடுங்கள், பிரிட்டன் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

தங்கச்சி அன்று இரவே இவற்றை எழுதி அனுப்பிவிட்டாள். இன்னும் பதில் வரவில்லை, அவளும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த ஞாயிறுவரை நான் இங்கேதான் நிற்பேன். ஒப்பந்தம் வந்தவர்கள் போனில் காட்டாமல் அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்போம்.