கடை பிரிண்டர் பெயர் சில நேரம் மட்டும் கிடைக்கிறதா?

மதுரை மேல மாசி வீதிப் பக்கம் உபுண்டு ஓடும் டிடிபி கடைகளில் கரண்ட் போய் வந்ததும் 'பிரிண்டரைக் காணோம்' என்பார்கள். பிரிண்டரின் ஐபி எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். டெர்மினலில் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' (resolvectl status) கொடுத்து, 'கரன்ட் டிஎன்எஸ் சர்வர்' (Current DNS Server) வரியைப் பாருங்கள். 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்) என்றிருந்தால் அதுதான் கோளாறு. பலரும் அதை ரவுட்டருக்கு 'ஸ்பேர்' என்று நினைத்துச் சேர்க்கிறார்கள், அப்படியில்லை. ரவுட்டர் ஒருமுறை பதில் தராவிட்டால் சிஸ்டம் அடுத்த சர்வருக்குத் தாவி அங்கேயே தங்கிவிடும். கடைக்குள் இருக்கும் பெயர்கள் ரவுட்டருக்குத்தான் தெரியும், கூகுளுக்கு உங்கள் கடை பிரிண்டரைத் தெரியுமா? 'அப்படியொரு பெயரே இல்லை' என்றுவிடும். அத்தோடு தேடல் முடிந்தது.

நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் ரவுட்டர் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1) மட்டும் இருக்கட்டும். 8.8.8.8 வேண்டுமென்றால் ரவுட்டருக்குள் போடுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) பகுதியையும் பாருங்கள், அங்கே வேறு சர்வர் ஒளிந்திருக்கலாம். பிறகு சேமித்து வைத்த பழைய பதில்களை அழிக்க 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்' (resolvectl flush-caches) கொடுங்கள்.