ஊதிய ஒப்பந்தம்: பேச்சுவார்த்தைக்கு முதல்முறை உட்காரும் தோழர்களுக்கு

ஒருமுறை கையெழுத்தானால் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் நடக்கும். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

1. யார் பேசுவது?
2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஆலையில் பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கமே பேசும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து குழு அமைக்கும். சங்கத்தை ஏற்க வைப்பதே பெரும்பாடாகிவிடுவதும் உண்டு. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நடந்த 37 நாள் வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்க அங்கீகாரம்தான்.

2. பழைய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்
காலம் முடிந்தாலும் அது தானாகக் காலாவதி ஆகாது. முறித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவித்து 60 நாள் ஆகும்வரை அதுவே செல்லும்.

3. கோரிக்கை மனு
வாயிற்கூட்டத்தில் கை தட்டுபவர்கள் மட்டும் உறுப்பினர்கள் இல்லை. இரவு ஷிப்டில் இருப்பவர்களிடமும் பெண் தொழிலாளர்களிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். திரட்டியதைப் பொதுக்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கிய பிறகே நிர்வாகத்திடம் கொடுங்கள்.

4. கணக்கு
என்னைக் கேட்டால், பேச்சுவார்த்தையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "மாதம் 3,000 ரூபாய் உயர்வு" என்று நிர்வாகம் சொன்னால், எந்தத் தலைப்பில், அடிப்படை ஊதியத்திலா, படியிலா என்று உடனே கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டியை, கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியம், பஞ்சப்படி (அகவிலைப்படி) இரண்டையும் வைத்து, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்று கணக்கிடுவார்கள். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் ஊதியம். அந்த 3,000 அடிப்படை ஊதியத்தில் சேர்ந்தால், 20 ஆண்டு வேலை பார்த்தவருக்கு கிராஜுவிட்டியில் மட்டும் ஏறத்தாழ 34,600 ரூபாய் கூடும். வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துப் போட்டால் இதில் பெரும்பகுதி கைநழுவலாம். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்கிறது புதிய சட்டம். அதையும் சரிபாருங்கள். பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிலையான தொகையாக இருந்தால் விலை ஏற ஏற அதன் மதிப்பு கரைந்துபோகும்.

5. மேசையில்
குழுவில் ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மினிட்ஸில் (பேசியதை எழுதிய குறிப்பில்) இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எங்கள் ஆலையில் ஒருமுறை வாய்மொழியாக ஒத்துக்கொண்ட இரவுப்பணிப் படி, ஒப்பந்தத்தில் இல்லாமலே போனது. அடுத்த ஒப்பந்தம் வரை அந்தப் படி எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

6. இழுபறியானால்
தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதமாகிவிடும்.

7. கையெழுத்து
ஒப்பந்தங்களை, பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து 18(1), 12(3) என்று சொல்வார்கள். நிர்வாகத்தோடு நேரடியாகப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3), பிற்பாடு வேலைக்குச் சேருபவர்கள் உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தும். புதிய சட்டத்திலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. வழியிருந்தால் 12(3) போடுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன் வரைவைப் பொதுக்குழுவில் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் தமிழில் ஒரு நகலை எல்லா உறுப்பினர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.